இரண்டு மணிக்கு எழுதிய எண்

நான் எழுதியது நூற்றுத் தொண்ணூறா, நூற்று அறுபதா என்று எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. பிறகு ஓர் அறையில் நான்கு பேர் முன்னால் அறுபது என்று சொன்னேன். அதற்கப்புறம் கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னேன். சொல்லச் சொல்ல, கண்ணால் பார்த்த முள் மெல்ல நகர்ந்து நான் சொன்ன இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. ஆகவே மற்ற விஷயங்களிலும் என்னை முழுதாக நம்ப வேண்டாம். தேதிகள் சரியாக இருக்கும். பேசிய வார்த்தைகள் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன.

1970ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் சூசை சாரைப் பார்த்தேன். முழுப் பெயர் சூசைமரியான். கொத்தமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரில், மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். அந்த வயதில் எனக்கு ஆறைத் திருப்பி ஒன்பதாகப் போடும் பழக்கம் இருந்தது. அதற்காக அவர் என் வலது காதைப் பிடித்துத் திருகாத நாள் குறைவு. பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததும் நான் பீடியைப் போட்டு மிதித்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. காரைக்குடிக்கு வெளியே இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொடங்கியிருந்த கெமிக்கல் கம்பெனியில் ஆப்பரேட்டராக இருந்தேன்.

"மருது, ஒங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாகளாமே?"

"ஆமா சார். ட்ரெய்னிக்கு எடுக்கிறாக. யாருக்கு சார், ஒங்க தம்பிக்கா?"

"எனக்குத்தான்டா."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிருக்கணும், நாப்பது வயசுக்குள்ள இருக்கணும்னு பேப்பர்ல போட்டிருக்கு. எனக்கு முப்பத்தொம்பது."

"அதுல சேர்றதெல்லாம் சின்னப் பயலுக சார். எண்ணெயும் கிரீசுமாக் கெடக்கணும்."

"கெடக்கேன்." அவர் பஸ்கள் போகும் பக்கம் பார்த்தார். "பயலுக எல்லாம் ஆறாங் கிளாசுக்குப் போயிடுறாய்ங்க. நான் மட்டும் பதினெட்டு வருசமா அஞ்சாங் கிளாசுலயே கெடக்கேன். இத்தனை தடவை பெயிலானவன் எவனும் இருக்க மாட்டான்டா."

அவர் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. பேசிக்கொண்டே மூன்று அடி போவார், திரும்புவார். வகுப்பில் அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

ட்ரெய்னியாக இருக்கும்போதே கம்பெனி கொடுத்தது பள்ளிக்கூடச் சம்பளத்தைப்போல ஒன்றரை மடங்கு. ஆறு மாதம் கழித்து நிரந்தரமாக்கினால் இரண்டு மடங்குக்கு மேல். மூத்தவனைக் காலேஜ் வரை படிக்க வைக்க வேறு வழியில்லை என்று சொன்னார். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை என்று அந்த நடையைப் பார்த்தபோதே எனக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். அவர் மனைவி இன்பமேரி அக்காவிடம் கம்பெனியைப் பற்றி நான் நல்லவிதமாகச் சொல்ல வேண்டும். அக்கா புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மருது, நீயே சொல்லு. இந்த ஊருல இவரு நடந்து வந்தா கெழவனுங்ககூட எந்திரிச்சு நிக்கிறாக. அங்க போயி இவரு எத்தனை பேருக்கு எந்திரிச்சு நிக்கணும்?"

"நிக்கிறது எனக்கென்ன புதுசா?" என்றார் சார். "பதினெட்டு வருசமா போர்டு பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்."

"இந்தா, இந்த வாய் ஒண்ணுதான். ஆறு மாசம் கழிச்சு அவுக வேண்டாம்னு சொல்லிட்டா என்ன செய்வீக? எடத்தைப் பிடிச்சு வைக்க மாட்டேன்னு சாமியார் சொல்லிட்டாருல்ல?"

பங்குச் சாமியார்தான் பள்ளிக்கூடத்தின் தாளாளர். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் ஜூன் மாதமே வேறு வாத்தியார் வந்துவிடுவார், போனால் போனதுதான் என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அக்கா என்னைப் பார்த்தது. நான் கம்பெனி கேண்டீனில் சாப்பாடு நன்றாயிருக்கும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஜூலை ஒன்றாம் தேதி சார் சேர்ந்தார். வேட்டியைத் தவிர வேறெதுவும் கட்டியறியாதவர். காக்கிக் கால்சட்டை அவர் இடுப்பில் நிற்கவில்லை. இன்ஜினியர் குழந்தைவேலு அவரை எங்கள் குளிர்ப்பிரிவில் போட்டு, வேலை பழக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். இன்ஜினியருக்கு இருபத்தெட்டு வயது. நான் "சார், இங்குட்டு வாங்க சார், இந்த வால்வைப் பாருங்க சார்" என்று காட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டு அவர் சிரித்தார்.

"மருது, இங்க யார் ட்ரெய்னி?"

எங்கள் பிரிவில் இன்னோர் ஆப்பரேட்டர் பொன்னழகு. முதல் வாரத்தில் அவன் சாருக்கு முன்னால் வந்து சுண்டுவிரலைத் தூக்கி நிற்பான். "சார், ஒண்ணுக்குப் போயிட்டு வரவா சார்?" எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சார் மணியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நிமிசத்துல வந்துரணும். வர்றப்ப கையைக் கழுவிட்டு வா" என்றார். அன்றைக்குச் சிரிப்பு பொன்னழகின் மேல் திரும்பியது. அதோடு அவன் விட்டுவிட்டான். பின்னால் சாரோடு நன்றாகப் பழகினான்.

குளிர்ப்பிரிவில் ஒரு பெரிய கம்ப்ரஸர் அமோனியாவை அழுத்திக்கொண்டே இருக்கும். அதன் அழுத்தத்தைக் காட்ட ஒரு கேஜ். முள் நூற்றைம்பதுக்கும் நூற்று அறுபதுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மணிக்கொரு முறை பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவதும், ஏறினால் இறங்கினால் வேண்டியதைச் செய்வதும்தான் எங்கள் வேலை. புத்தகத்துக்கு ஒரு விதி உண்டு. தப்பாக எழுதிவிட்டால் எழுதியவனே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவன் எழுதியதில் இன்னொருவன் கை வைக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே சாருக்கு இதைச் சொன்னேன். அவர் மார்ஜின் போட்ட நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார்.

படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் இரண்டு மாதத்தில் கற்றுவிட்டார். எனக்கு இரண்டு வருஷத்தில் புரியாத சில விஷயங்களை அவர் எனக்கு விளக்கினார். ஆனால் கம்ப்ரஸரின் சத்தம் அவருக்குப் பழகவேயில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவரால் அதை அடக்க முடியவில்லை. அறையின் கோடியில், ஜன்னலோரமாக ஒரு மேஜையும் நாற்காலியும் இருந்தன. முடிந்தபோதெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தும் கால் ஆடிக்கொண்டிருக்கும். மேஜைக்கும் கேஜுக்கும் இருபது அடி இருக்கும்.

ஒருநாள் திடீரென்று, "எனக்கு இது வருமாடா?" என்று கேட்டார்.

"வந்துருச்சே சார்."

"எழுத வருது. அந்தச் சனியன் பக்கத்துல போனா நெஞ்சு படபடங்குது. ஒம் முகத்துல அதெல்லாம் தெரியவே மாட்டேங்குதேடா."

என் வாத்தியார் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார் என்பது எனக்குப் பெருமையாகவும் வெட்கமாகவும் இருந்தது. எழுந்து போய் எண்ணெய் ஊற்றினேன்.

அவர் சட்டைப் பையில் சிவப்பும் நீலமுமான பென்சில் ஒன்று எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்தது. பொன்னழகு எழுதும் குறிப்புகளில் பிழை இருந்தால் திருத்தினார். வாரக் கடைசியில் சராசரி போடும்போது கூட்டல் தப்பாக இருந்தால் அடித்துவிட்டுச் சரியானதை எழுதினார். எல்லாம் சிவப்பில். இன்ஜினியர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "இப்பத்தான் இந்த லாக் புத்தகம் படிக்கிற மாதிரி இருக்கு" என்றார். விதி இன்ஜினியருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சொல்லாததை நான் சொல்லவில்லை. என் காதைத் திருகியவரிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி ஒன்றாம் தேதி சாருக்கு நிரந்தர உத்தரவு வர வேண்டும். டிசம்பர் பதினேழு, வியாழக்கிழமை. எனக்கு முதல் ஷிப்ட். சாருக்கு இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்ட்.

பன்னிரண்டு மணிக்கு நூற்றைம்பத்து நாலு எழுதினேன். ஒரு மணிக்கு நூற்றைம்பத்தேழு. இரண்டு மணிக்குக் கேஜைப் பார்த்துவிட்டு நூற்றுத் தொண்ணூறு எழுதினேன். அதற்கு முன்னால் கேஜின் கண்ணாடியை விரலால் தட்டினேன் என்று ஞாபகம். நூற்று அறுபதைப் பார்க்கிறவன் கண்ணாடியைத் தட்ட மாட்டான். ஆனால் தட்டியது அன்றைக்குத்தானா, வேறொரு நாளா என்று யாராவது அழுத்திக் கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

சார் வந்து மேஜையில் உட்கார்ந்தார். புத்தகத்தை இழுத்து, வீட்டுப்பாடம் பார்ப்பதுபோல விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். விரல் கடைசி வரியில் நின்றது.

"என்னடா இது? மத்ததெல்லாம் சரியாப் போட்டுட்டு இங்க கோட்டை விட்டுட்ட?"

"சார்?"

"தொண்ணூறா? ஒரு மணி நேரத்துல இம்புட்டா ஏறும்? ஆறைத் திருப்பிப் போட்டுட்டடா. இன்னும் அந்தப் பழக்கம் போகலையா ஒனக்கு?"

சிரித்தார். நானும் சிரித்தேன். என் கை வலது காதைத் தொட்டதாகக்கூட நினைவு. வெளியே டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முள் ஏறியிருக்கிறது என்று அவரிடம் சொல்லத்தான் மேஜைக்கு வந்திருந்தேன். அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் அப்படிச் சொன்ன கணத்தில், நான் பார்த்தது அறுபதாகத்தான் இருக்கும் என்று நிஜமாகவே தோன்றியது.

"அறுபதாத்தான் இருக்கும் சார்" என்றேன்.

தொண்ணூறைச் சிவப்புக் கோட்டால் அடித்து, பக்கத்தில் அறுபது என்று எழுதினார். இருபது அடி நடந்து போய்க் கேஜைப் பார்க்க எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினெட்டு வருஷமாக அவர் தப்பையும் சரியையும் நோட்டைப் பார்த்தே கண்டுபிடித்தவர். நானோ அந்த நோட்டைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றவன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

இரண்டு முப்பத்தைந்துக்கு அமோனியாக் குழாயின் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டது. அமோனியாவைக் குளிர்விக்கக் குளத்துத் தண்ணீர் வரும் குழாயின் வலையில் பாசி அடைத்து, தண்ணீர் குறைந்து, அழுத்தம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. சார்தான் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு ஓடிப்போய் கம்ப்ரஸரை நிறுத்தினார். அதை யாரும் மறுக்கவில்லை. காற்று பேக்கிங் கொட்டகைப் பக்கம் அடித்தது. மற்றவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். மலையம்மாள் என்ற ஒப்பந்தத் தொழிலாளி மட்டும் மூட்டை தடுக்கி விழுந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். தூக்கி வந்து முகத்தில் தண்ணீரை ஊற்றினார்களாம். இடது கண் தப்பியது. வலது கண் வெளுத்துப்போனது.

சாயங்காலம் பொன்னழகு சைக்கிளில் வந்து எனக்கு இதைச் சொன்னான். சொல்லிவிட்டு, "ரெண்டு மணிக்கு என்னடா இருந்துச்சு?" என்று கேட்டான். "பாத்துத்தான் எழுதுனேன்" என்று மட்டும் சொன்னேன்.

விசாரணை சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை திரும்பும்போது பஸ்ஸில் சார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொத்தமங்கலத்தில் இறங்கி நடக்கும்போது, "புதுசா வந்த வாத்தியாரு பள்ளிக்கூடத்துல போர்டை எதிர்ச் சுவத்துக்கு மாத்திட்டாராம்டா" என்றார். அவ்வளவுதான். என்னிடம் அவர் எதையும் கேட்கவில்லை. இதை நான் எழுதியாக வேண்டும். அவர் வீட்டு வாசலில் இன்பமேரி அக்கா கிறிஸ்துமஸுக்கு மூங்கில் குச்சியில் கலர்த் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. கையெல்லாம் பசை.

"ஒண்ணாந் தேதி ஆர்டர் வந்துரும்ல மருது?"

"வந்துரும்க்கா."

மறுநாள் மேனேஜர் அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் சாரும் நின்றோம். கம்ப்ரஸரை இன்னும் ஓட்டவில்லை. அந்தக் கட்டடத்தில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குழந்தைவேலு புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"இந்தத் தொண்ணூறு உன் கையெழுத்தா?"

"ஆமா சார்."

"சிவப்பு?"

எல்லோருக்கும் தெரியும். பென்சில் சாரின் பையிலேயே இருந்தது. ஆறு மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். ட்ரெய்னி ஒருவன் இன்னொருவன் எழுதியதை மாற்றினான் என்றால் வாசலைக் காட்டிவிடுவார்கள். நான் நிரந்தரமானவன், என்னை அனுப்ப மாட்டார்கள். இவ்வளவையும் நான் யோசித்தேனா, அல்லது பின்னால் யோசித்ததை இங்கே வைத்து எழுதுகிறேனா தெரியவில்லை.

"அறுபதுதான் சார் இருந்துச்சு. நான்தான் தப்பா எழுதிட்டேன். பஸ்சுக்கு நேரமாச்சுன்னு சாரைத் திருத்தச் சொன்னேன்."

இன்ஜினியர் சாரைப் பார்த்தார். "அப்படியா?"

சார் என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"ஆமா" என்றார்.

அரை மணி நேரத்தில் அறுபதிலிருந்து அவ்வளவு உயரம் ஏறுமா என்று மேனேஜர் கேட்டார். வலை ஒரேயடியாக அடைத்திருந்தால் ஏறலாம் என்றார் குழந்தைவேலு. ஏறலாம் என்று அவர் சொன்னதைத்தான் இன்றுவரை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கவனக்குறைவுக்காக எனக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன், ஒரு வருஷம் சம்பள உயர்வு கிடையாது. சாருக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. ஜனவரி ஒன்றாம் தேதி அவருக்கு உத்தரவு வந்தது.

நான் திரும்ப வேலைக்கு வந்த அன்று அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"வாங்க மருது. சாப்பிட்டீகளா?"

பொன்னழகு இதைக் கேட்டுச் சிரித்தான். "சார், இவனுக்கு எதுக்கு சார் மரியாதை? வாடான்னு கூப்பிடுங்க." சார் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் ஒருபோதும் என்னை அவர் டா போட்டுப் பேசவில்லை. ஒருமுறையாவது கூப்பிட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் பல வருஷம் காத்திருந்தேன். அவரோ பையில் பென்சில் வைப்பதை விட்டுவிட்டார். ஒவ்வொரு மணிக்கும் கம்ப்ரஸர் பக்கத்தில் போய், கேஜின் கண்ணாடியைத் தட்டி, இரண்டு தரம் பார்த்துவிட்டு வந்து எழுதினார். மேஜையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சத்தம் பழகிவிட்டதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனுக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார். பெஞ்சில் மலையம்மாள் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பை வலது கண்ணின் மேல் இழுத்துவிட்டிருந்தாள். அவளுக்கு நிரந்தர வேலை கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு மனு. சார் எழுதியிருந்தார். இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"வாத்தியாரய்யா எழுதுனா கலெக்டரே எந்திரிச்சு நின்னு படிப்பாரு" என்றாள் மலையம்மாள். அந்த நிலையிலும் அவளுக்குக் கேலி வந்தது. "ஏய்யா, என்னத்தால இப்பிடியாச்சுன்னு அதுல போட்டிருக்கீகளா?"

"போட்டிருக்கு."

"வாசிங்க, கேப்பம்."

சார் வாசித்தார். "பதிவுப் புத்தகத்தில் அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்த காரணத்தால்..."

"யாரு தப்பாக் குறிச்சது?"

சார் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மூடிவிட்டுத் திறந்தார். மறுபடி மூடினார். நான் காத்திருந்தேன். கேண்டீனில் தட்டுகள் கழுவும் சத்தம். விசாரணை அறையில் காத்திருந்ததைவிட அதிக நேரம் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். மலையம்மாள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் ஆத்தா" என்றேன்.

அவள் ஒற்றைக் கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போகுது விடு. நீ என்ன, வேணும்னா செஞ்ச?" என்றாள்.

சார் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "இங்க போடுங்க மருது" என்றார். போட்டேன்.

அந்த மனுவால் மலையம்மாளுக்கு 1973இல் கேண்டீனில் நிரந்தர வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தாள். எனக்கு எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவாள். இப்போது கோட்டையூரில் மகளோடு இருக்கிறாள். குழந்தைவேலு இரண்டு வருஷத்தில் வடக்கே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பொன்னழகு சங்கத்தில் செயலாளரானான். 1970ஆம் வருஷத்து லாக் புத்தகங்களை ஐந்து வருஷம் வைத்திருந்து பாய்லரில் போட்டு எரித்தார்கள். சூசை சார் எங்கள் பிரிவுக்கே போர்மேனாகி, 1989இல் ஓய்வு பெற்று, அதற்கு மூன்றாம் வருஷம் காலமானார். மூத்த மகன் மரியப்பன் சிவகங்கையில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறான். இன்பமேரி அக்கா அவனோடு இருக்கிறது. நான் அதே குளிர்ப்பிரிவில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, 2005ஆம் வருஷம் ஓய்வு பெற்றேன்.